முப்பத்தோரு மைலுக்குப் பதின்மூன்று நிமிடம்

பீட்டர்ஸ்பர்க் போக எவ்வளவு நேரமாகும் என்று அலாஸ்காவில் எங்கள் ராங்கல் விமான நிலையத்தில் யாராவது கேட்டால், நேடீன் உடனே பதில் சொல்லமாட்டாள். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "எதுல போகப்போறீங்க?" என்பாள்.

"ஃபெர்ரியில போனா மூணு மணி நேரம். சொந்தப் படகுல போனா, அன்னிக்குக் கடல் என்ன குணத்துல இருக்குன்னு பாக்கணும். ஜெட்டுல போனா அட்டவணையில இருபத்திநாலு நிமிஷம்னு போட்டிருக்கும். அதுல பாதி தரையில உருளுறது. ஆகாசத்துல பதிமூணே நிமிஷம். அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்கார், பதினொண்ணும்பார். அவர் பேச்சைக் காதுல வாங்காதீங்க."

கேட்டவர்களுக்கு இவ்வளவு விவரம் தேவைப்படாது. பெட்டியைத் தராசில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

முப்பத்தோரு மைல்தான். விமானம் எழும்பினால், வலது ஜன்னலில் ஸ்டிக்கின் ஆற்றின் சேற்றுத் திட்டுகள், அதற்கு அப்பால் பனியாறு, அவ்வளவுதான், சக்கரங்களை இறக்கிவிடுவார்கள். பணிப்பெண்கள் இருக்கையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்காது. ஆனாலும் எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் சாலை கிடையாது. இரண்டும் தனித்தனித் தீவு. பல்லைப் பிடுங்கிக்கொள்ளவும், கூடைப்பந்து ஆடவும், சாவுக்குப் போகவும் நாங்கள் அந்த ஜெட்டைத்தான் நம்பியிருந்தோம்.

நான் ரோவீனா. நேடீனோடு பதினான்கு வருஷம் அங்கே வேலை பார்த்தவள். அவள் கவுண்டரில் டிக்கெட் பார்ப்பாள், நான் வெளியே மழையில் பெட்டி ஏற்றுவேன். நாளுக்கு இரண்டு விமானம். காலையில் வடக்கே போவது ஒன்று: சியாட்டிலில் கிளம்பி, கெச்சிகன், ராங்கல், பீட்டர்ஸ்பர்க், ஜூனோ என்று ஒவ்வொரு ஊராக நின்று போகும். மதியத்துக்கு மேல் தெற்கே திரும்புவது ஒன்று. முன் பாதியில் சரக்கு, பின் பாதியில் ஆட்கள். ஆட்கள் வால் பக்கப் படிக்கட்டில் ஏறுவார்கள்.

நேடீனின் அம்மா ஆற்றுமுகத்து டிலிங்கிட் பழங்குடிக் குடும்பம். அப்பா மரம் வெட்ட வந்து தங்கிப்போனவர். இருபது வயதில் ஒரு மர லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு முப்பத்தொன்று ஆனபோது அவன் ஓரிகனில் நல்ல வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். மூன்று வருஷம் கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. பிறகு அதுவும் இல்லை. "அட்டையில அவன் கையெழுத்து வருஷா வருஷம் அழகாயிட்டே போச்சுடி, வேற யாரோ எழுதிக் குடுத்திருப்பா," என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்தால் ஓடுபாதையில் நிற்கும் எனக்குக் கேட்கும், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும்.

அந்தப் பக்கத்து ஆள் வந்தது தொண்ணூற்றொன்றில். பெயர் ஹால்வர் நெஸ்டால். பீட்டர்ஸ்பர்க்கின் பழைய நார்வேக் குடும்பங்களில் ஒன்று. முப்பது வருஷம் ஹாலிபட் மீன் பிடித்தவர். வலது தோள் விட்டுப்போனது, அதே வருஷம் மனைவியும் போய்ச் சேர்ந்தார். படகை விற்றுவிட்டு அந்த ஊர் விமான நிலையத்தில் எங்கள் கம்பெனி வேலைக்கு வந்து உட்கார்ந்தார்.

அப்போதெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் பக்கம் விமானம் தரையை விட்டதும் நேடீன் அந்தப் பக்கம் போன் செய்வாள். "ஒன்பது நாற்பதுக்கு எழும்பியாச்சு. ஆள் பன்னிரண்டு, நாய் ஒண்ணு, மீன் பெட்டி ஏழு." அங்கே தரை தொட்டதும் அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள். "வந்து சேர்ந்தது." அவ்வளவுதான். அதற்கு முன் அங்கே இருந்தவன் அந்த இரண்டு சொல்லைக்கூட முழுதாகச் சொல்லமாட்டான்.

ஹால்வர் வந்த இரண்டாம் வாரம் ஒரு நாள் கூப்பிட்டு, "வந்து சேர்ந்தது. பதினொரு நிமிஷம்," என்றார்.

நேடீன் சுவர்க் கடிகாரத்தில் பார்த்து எழுதிவைத்த சீட்டை எடுத்தாள். "பதினொண்ணு இல்லீங்க, பதிமூணு."

"அம்மா, நான் கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றேன். எழும்பியாச்சுன்னு நீங்க போன் பண்ணப்போவும் மணி பாத்தேன், சக்கரம் தரையில பட்டப்போவும் பாத்தேன்."

"நானும் கண்ணாலதான் பாத்தேன். சக்கரம் தரையை விட்டப்போ."

"அப்போ உங்க கண்ணுல இல்ல கடிகாரத்துல ஏதோ கோளாறு."

"என் கடிகாரம் நல்லாத்தான் இருக்கு. உங்க கடிகாரத்துக்குத்தான் பசி. ரெண்டு நிமிஷத்தை முழுங்கியிருக்கு."

மறுநாளும் அதே சண்டை. அதற்கு மறுநாளும். கம்ப்யூட்டரில் ஏறுவது கதவு மூடிய நேரமும் கதவு திறந்த நேரமும்தான். நடுவே வானத்தில் எத்தனை நிமிடம் என்பது கம்பெனிக்கே வேண்டாத கணக்கு. அதனால் தீர்த்துவைக்கவும் ஆளில்லை. விமானிகளைக் கேட்டால், "பன்னிரண்டுன்னு வெச்சுக்கோங்களேன்" என்று சொல்லி இருவரிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் வருஷம் பந்தயம் வைத்தார்கள். பதினொன்று என்று நிரூபணமானால், அவர்கள் ஊர் லூட்டஃபிஸ்க் ஒரு முழுத் தட்டு நேடீன் தின்ன வேண்டும். அது காய்ந்த காட் மீனைக் காரநீரில் ஊறவைத்துக் களி மாதிரி ஆக்கி, வெண்ணெய் ஊற்றித் தின்பது. பதின்மூன்று என்று நிரூபணமானால், எங்கள் ஊலிகன் மீன் எண்ணெய் ஒரு குவளை ஹால்வர் குடிக்க வேண்டும். அந்த எண்ணெயின் வாசம் பழகாதவர்கள் குவளையைத் திறந்த வீட்டுக்குள்ளேயே நுழையமாட்டார்கள்.

"நிரூபிக்கிறது எப்படி?" என்று கேட்டேன்.

"யாராவது ஒருத்தர் கையில கடிகாரத்தோட ஏறி உக்காந்து பாக்கணும்."

"சரி, போயேன். நமக்குத்தான் டிக்கெட் சும்மா ஆச்சே."

"போகணும், போகணும்," என்று பெட்டிச் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அடுத்த மூன்று வருஷமும் அதே பதில்தான். ஆறு வருஷத்தில் தினம் இரண்டு தடவை பேசியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. விமானம் வரும் நேரத்தில் இருவருமே அவரவர் கவுண்டரில் நிற்க வேண்டுமே. எனக்கு என்ன தோன்றியது என்றால், அவளுக்குப் பயம். போனில் கேட்கிற ஆள் நேரில் வேறு மாதிரி இருந்துவிட்டால், மறுநாள் காலை போனை எடுத்து என்ன பேசுவது?

தொண்ணூற்றேழு பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, விமானம் போய்க் கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. நேடீன் சண்டைக்குத் தயாராக எடுத்தாள். வேறு குரல். "வந்து சேர்ந்தது," என்று வைத்துவிட்டது. செவ்வாயும் அதே குரல். அன்று மதியம் அவள் சாண்ட்விச்சை எடுத்து, பிரித்து, திரும்பச் சுற்றி வைத்ததைப் பார்த்தேன். புதன்கிழமை அந்தக் குரலைப் பிடித்து, "ஹால்வர் எங்கே?" என்று கேட்டேவிட்டாள். பித்தப்பையில் கல், சியாட்டிலில் அறுவை சிகிச்சை, நன்றாக இருக்கிறார், இன்னும் பத்து நாளில் வந்துவிடுவார் என்றான் அந்தப் பையன்.

போனை வைத்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள். நான் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"ரோவீனா, அவர் செத்துப்போயிருந்தா எனக்கு யார்டி சொல்லியிருப்பா?"

"நான் கேட்டுச் சொல்லியிருப்பேன்," என்றேன்.

"பித்தப்பைக் கல்லாம். இத்தனைக்கும் போன வாரம்தான் அவரைக் கல்லு மாதிரி பிடிவாதம்னு திட்டினேன்." சிரித்தாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையுறையைக் கழற்றினாள்.

பத்து நாள் கழித்து ஹால்வர் திரும்பினார். முதல் போனிலேயே, "பதினொண்ணு," என்றார். நேடீன் சண்டை போடவில்லை. "மே மாசம் உங்க ஊர்த் திருவிழாவுக்கு வர்றேன். ஏறி உக்காந்து பாத்துட்டு வர்றேன். சரியா?" என்றாள். அவர், "லூட்டஃபிஸ்க் ஊறப்போடுறேன்," என்றார்.

பீட்டர்ஸ்பர்க்கில் மே பதினேழை ஒட்டி நார்வேத் திருவிழா. ஊரே பூ வேலை செய்த பாவாடையும் மாட்டுக்கொம்புத் தொப்பியுமாக அலையும். வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் போய், ஞாயிறு திரும்புவதாக ஏற்பாடு. அன்று கவுண்டரில் நான். வெளியே பெட்டி ஏற்ற என் வீட்டுக்காரர் கிளைடை இழுத்து வந்திருந்தேன்.

நேடீன் நீலநிற மேல்கோட்டும் சுருட்டிவிட்ட முடியுமாக வந்தாள். இத்தனை வருஷமாக அவள் தலையில் தொப்பியைத் தவிர எதையும் நான் பார்த்ததில்லை. கையில் கிளைடின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக் கட்டியிருந்தாள்.

"ரொம்ப அழகா இருக்கே," என்றேன்.

"வாயை மூடிட்டு போர்டிங் பாஸைக் குடு."

விமானம் எழும்பியது. நான் போனை எடுத்து, "ஆள் ஒன்பது. அதுல ஒண்ணு யாருன்னு உங்களுக்கே தெரியும்," என்றேன்.

"தெரியும்," என்றார் ஹால்வர். "கொஞ்சம் லைன்ல இருங்க. இங்க மேகம் தாழ்ந்துடுச்சு. மரத்து உச்சிகூடத் தெரியலை."

நான் காத்திருந்தேன். போனில் அவர் மூச்சுவிடுவது கேட்டது. பிறகு அவர் பேச ஆரம்பித்தார், என்னிடமா தன்னிடமா என்று தெரியாதபடி.

"சத்தம் கேக்குது... வருது... வந்துட்டாங்க... இல்ல, இறங்கலை. சத்தம் மேல போகுது. சுத்தி வர்றாங்க போல." ஐந்து நிமிடம். "திரும்ப வருது. இப்போ நேரா என் தலைக்கு மேல." ஜெட்டின் இரைச்சல் போன் வழியே எனக்கே கேட்டது. அது தேய்ந்து அடங்கியது. "போயிட்டாங்க ரோவீனா. ஜூனோவுக்குப் போயிட்டாங்க."

"அய்யோ."

"கையில பூ வெச்சிருக்கேன்," என்றார். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் புதிதில்லை. மேகம் விட்டால்தான் ஊர். என் சொந்த மாமா சியாட்டிலிலிருந்து கெச்சிகனுக்குக் கிளம்பி மூன்று நாள் கழித்து ஆங்கரேஜிலிருந்து போன் செய்திருக்கிறார். நேடீனே எத்தனையோ பேரிடம், "ஜூனோவுல நல்ல சாப்பாடு கிடைக்கும், கவலைப்படாதீங்க," என்று சொல்லி அனுப்பியவள்தான். ஆனால் அன்று மாலை ஜூனோவில் அவள் சித்தி மகள் வீட்டிலிருந்து போனில் பேசியபோது குரலில் பழைய தெம்பு இல்லை.

"கீழே ஓடுபாதை விளக்கு ஒரு நொடி தெரிஞ்சுதுடி. பச்சை கலர் வண்டி ஒண்ணு நின்னுது. உடனே மூடிக்கிச்சு."

"நாளைக்கு மதியம் தெக்கே திரும்பற விமானத்துல வா. பீட்டர்ஸ்பர்க்லதானே முதல்ல நிக்கும்."

"நின்னா சரி."

சனிக்கிழமை மதியம் மணி இரண்டு. எங்கள் ஊரில் மழை இருந்தாலும் மேகம் உயரத்தில்தான். ஹால்வரிடமிருந்து போன் வரவேண்டிய நேரம். வந்தது. "எடுக்காமலே வெச்சிருக்கணும் நான் இந்த போனை," என்றார். "மறுபடியும் தலைக்கு மேல போயிட்டாங்க. ரெண்டு சுத்து சுத்திட்டு உங்க பக்கம் வர்றாங்க. நேத்து பூ, இன்னிக்குக் குடை. எதுவும் உதவலை."

கொஞ்ச நேரத்தில் ஜெட் எங்கள் ஓடுபாதையில் இறங்கியது. வால் பக்கப் படிக்கட்டில் முதலில் இறங்கியவள் நேடீன். முடிச் சுருள் எல்லாம் அவிழ்ந்துபோயிருந்தது. நேற்றுக் காலை எங்கே ஏறினாளோ அதே இடத்தில் வந்து நின்றாள். கிளைடு பெட்டி வண்டியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்து, "எத்தனை நிமிஷம்?" என்றார்.

"இருபத்தெட்டு மணி நேரம்," என்றாள். அப்புறம் அவளுக்கே பொறுக்காமல் சிரிப்பு வந்துவிட்டது. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். பின்னால் இறங்கவந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமல் தாங்களும் சிரித்தார்கள்.

உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றது. பெஞ்சில் உட்கார்ந்தாள். "இது போகவேண்டாம்னு சொல்றதா இருக்கும் ரோவீனா. வீட்டுக்குப் போறேன்."

"யார் சொல்றா? மேகமா? அதுக்கு உன் விஷயம் என்ன தெரியும்?"

அப்போது கிளைடு மழைக்கோட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். என் வீட்டுக்காரர் நாளுக்கு இருபது சொல்லுக்கு மேல் பேசாத மனிதர். "கடல் அமைதியா இருக்கு. படகுல பெட்ரோல் இருக்கு. பனானா பாயிண்ட்ல விட்டுடறேன். அவரை வண்டியில அங்க வரச்சொல்லு," என்றார். அன்றைய சொல் கணக்கு அதோடு ஏறக்குறைய முடிந்தது.

பனானா பாயிண்ட் என்பது அவர்கள் தீவின் தெற்கு முனை. பெயரில்தான் வாழைப்பழம். படகு இறக்க ஒரு சரிவு, சுற்றிலும் பாறை, அதற்கு மேல் காடு. எங்கள் துறைமுகத்திலிருந்து படகில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து பீட்டர்ஸ்பர்க் ஊருக்குள் போக அந்தத் தீவின் ஒரே சாலையில் இன்னும் முக்கால் மணி நேரம். நான் ஹால்வருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "கிளம்பிட்டேன்," என்றார். போனை அவர் சரியாக வைக்கக்கூட இல்லை, கதவு அறைந்து சாத்துவது எனக்குக் கேட்டது.

விமான நிலையத்தைப் பூட்டிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். பாதி வழியில், எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தி நேடீன் எனக்கு அந்த விஷயத்தைச் சொன்னாள்.

"கவுண்டர்ல இருக்கே சுவர்க் கடிகாரம், அது ரெண்டு நிமிஷம் பின்னால ஓடுது!"

"என்னது?"

"நான்தான் வெச்சேன்! எட்டு வருஷம் முன்னால! வெண்டல் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எங்கள் ஊர்க்கார வெண்டலின் அண்ணன் சியாட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கவுண்டர் மூடி இரண்டு நிமிடம் கழித்து வெண்டல் ஓடிவந்தான். விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் இருந்தது. விதி விதிதான், நேடீன் முடியாது என்றாள். மறுநாள் விமானம் போவதற்குள் அண்ணன் கண்ணை மூடிவிட்டார். வெண்டல் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. இன்றைக்கும் மீன் கொண்டுவந்து கொடுப்பான்.

"அந்த வாரம்தான் முள்ளைத் திருப்பி வெச்சேன். அதுக்கப்புறம் ஓடிவர்ற யாருக்கும் கைவசம் ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்னு. யாருக்கும் சொல்லலை."

எனக்குக் கணக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விமானம் எழும்பும்போது எங்கள் கடிகாரம் இரண்டு நிமிடம் குறைவாகக் காட்டும். அவர் ஊர்க் கடிகாரத்தில் இறங்கிய நேரத்திலிருந்து அதைக் கழித்ததால்தான் பதினொன்று எங்கள் பக்கம் பதின்மூன்று ஆனது.

"அப்போ அவர் சொல்றதுதான் சரியா? உனக்குத் தெரியுமா? ஆறு வருஷமாவா?"

"முதல் நாளே தெரியும்!"

"அடிப்பாவி! பின்னே எதுக்குடி சண்டை போட்டே?"

அவள் முகத்தில் தெறித்த கடல் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். கிளைடு திரும்பி என்னைப் பார்த்து, இவ்வளவுகூடத் தெரியாதா என்பதுபோல் தலையை ஆட்டினார்.

சரிவில் ஒரு பச்சை லாரி நின்றது. பக்கத்தில் ஒரு மனிதர், குடையில்லாமல், மழையில். கழுத்து வரை நரைத்த தாடி, தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அந்த ஆழமான குரலைக் கேட்டு நான் ஆறடிக்கு மேல் இருப்பார் என்று நினைத்திருந்தேன். நேடீனின் மூக்கு உயரம்தான் இருந்தார்.

தண்ணீரில் இறங்கி வந்து படகின் முனையைப் பிடித்தார். நேடீன் இறங்கினாள்.

"நீங்க உயரமா இருக்கீங்க," என்றார் ஹால்வர்.

"நீங்க இல்லை," என்றாள் நேடீன். அவர் சிரித்தார். அடுத்த வினாடி, யோசிக்கவிடாமல், அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கடிகாரம், வெண்டல், இரண்டு நிமிடம், முதல் நாளிலிருந்தே தெரியும் என்பது.

ஹால்வர் முகத்திலிருந்த சிரிப்பு போனது. "ஆறு வருஷமாவா?"

"ஆமா."

"என் கடிகாரத்தை ரெண்டு தடவை கழட்டிப் பாத்தேன் நேடீன். ஜூனோவுக்கு அனுப்பி ரிப்பேர் பண்ணினேன். அவன் ஒண்ணுமே இல்லைன்னு திருப்பி அனுப்பினான். அவனோடயும் சண்டை போட்டேன்!" விறுவிறுவென்று லாரிப் பக்கம் நடந்தார். கதவைத் திறந்தார். போயே விடுவார் என்றுதான் நினைத்தேன். நேடீன் பையைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

அவர் கதவைப் பிடித்தபடி திரும்பினார். "ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அப்புறம் எதுக்குக் கூப்பிட்டிருப்பீங்க?"

"விமானம் வந்துடுச்சுன்னு சொல்ல."

"அதுக்கு அஞ்சு நொடி போதுமே."

அவர் கதவை விட்டார். தாடியில் சொட்டிய மழையை வழித்துக்கொண்டு அவளையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து, அன்றைய இருபது சொல்லில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்துக் கிளைடு பேசினார். "மழை வலுக்குது. கோபத்தை வண்டிக்குள்ள வெச்சுக்கலாமே."

ஹால்வர் சரிவில் இறங்கிவந்து அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். "லூட்டஃபிஸ்க் முழுத் தட்டு," என்றார். "ஒரு கரண்டி குறைக்கமாட்டேன்."

"வெண்ணெயாவது நிறைய ஊத்துவீங்களா?"

"யோசிக்கிறேன்."

அவள் முழுத் தட்டையும் தின்றாள் என்பதற்குச் சாட்சி திருவிழாக் கூடாரத்தில் இருந்த அறுபது பேர். தொண்டைக்குள் ஜெல்லி மீன் போகிற மாதிரி இருந்தது என்று சொன்னாள். அப்புறம் தெருவில் ஆடிப் பாடுகிறவர்களோடு சேர்ந்து நடனமும் ஆடினாளாம். ஞாயிற்றுக்கிழமை மேகம் விலகியதும் மதிய விமானத்தில் திரும்பினாள். ஹால்வரும் லீவு போட்டுக் கூட வந்தார், கையில் கடிகாரத்தோடு, சந்தேகம் மிச்சம் வைக்கக்கூடாது என்று. பதினொரு நிமிடம் இருபது வினாடி. அந்த இருபது வினாடியை என்ன செய்வது என்று ஒரு வாரம் போனில் பேசினார்கள்.

சுவர்க் கடிகாரத்தைச் சரி செய்துவிடலாமா என்று நேடீன் அவரைக் கேட்டாள். "தொடாதே," என்றார் ஹால்வர். "எவனாவது ஓடி வருவான்." தோற்றவர் அவர் இல்லை என்றாலும் ஜூன் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து ஊலிகன் எண்ணெய் ஒரு குவளை வாங்கிக் குடித்தார். பாதியில் முகம் சாம்பல் நிறமானது. கிளைடு ஒரு வார்த்தையும் பேசாமல் ரொட்டியை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

அடுத்த இரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் அந்த முப்பத்தோரு மைலைத் தாண்டினார்கள். ஆறு தடவை அவளை ஜூனோவுக்கு இழுத்துப்போனது மேகம், இரண்டு தடவை அவரைக் கெச்சிகனுக்கு. யார் யார் ஊருக்குக் குடிவருவது என்பதில்தான் பெரிய இழுபறி. "ராங்கல்காரங்களோட கூடைப்பந்துல கத்தியே எனக்கு வயசாயிடுச்சு, இப்போ அங்கேயே வந்து குடியிருக்கவா?" என்பார் ஹால்வர். "உங்க ஊர்ல ஜன்னல் திரையைத் திறந்தா நாலு பேர் உங்க பெரியப்பா பசங்க. நான் எங்க போய் மூச்சு விடுறது?" என்பாள் அவள். கடைசியில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அவளுக்கு இன்னும் வருஷங்கள் பாக்கி இருந்ததால், அவர்தான் வந்தார். குளிர்பதனப் பெட்டி, வலைகள், ஒரு செவிட்டு நாய் எல்லாவற்றையும் ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு.

தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் கடற்கரைப் பூங்காவின் கூரைக்கு அடியில் கல்யாணம். இரண்டு ஊர்க்காரர்களும் வந்து, யாரும் சொல்லாமலே இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். வெண்டல் புகையூட்டிய சால்மன் ஐம்பது பேருக்குப் போதும் என்று கொண்டுவந்தான், எழுபது பேர் தின்றார்கள். நேடீனின் அம்மா வழிச் சொந்தங்கள் ஹால்வருக்குத் தங்கள் குல வழக்கப்படி பொத்தான் வைத்துத் தைத்த போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டார்கள். அவர் அதைக் கழற்றவே இல்லை, மழை விட்டு வெயில் வந்தபிறகும்.

நேடீன் இரண்டாயிரத்து ஒன்பதில் ஓய்வு பெற்றாள். அந்தக் கோடையில் ஸ்டிக்கின் ஆற்றுக்குள் இருபது மைல் தள்ளி ஒரு மரக் குடிசையை வாங்கினார்கள். மின்சாரம் கிடையாது, போனும் கிடையாது. முதல் தடவை கிளம்பியபோது நான் துறைமுகத்தில் நின்றேன். படகு நிறைய அரிசி, உருளைக்கிழங்கு விதை, இரண்டு நாற்காலி. நாற்காலியைக் கவிழ்த்து வைப்பதா நிமிர்த்தி வைப்பதா என்று ஏதோ பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஹால்வர் எஞ்சினைக் கிளப்பினார். நான் கை காட்டினேன். அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கால்களை உருளைக்கிழங்கு மூட்டைமேல் நீட்டி, "தண்ணி இறங்கிச் சேத்துல தட்டுறதுக்குள்ள போங்க மனுஷா!" என்று கத்தினாள். படகு துறைமுகத்தைத் தாண்டி ஆற்றுமுகம் பக்கம் திரும்பியது.